செம்மான் முழங்கும் பருவம்: அன்றும் இன்றும்

மார்ச் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை நியூசிலாந்து மலைக்காடுகளில் செம்மானின் முழக்கம் கேட்கும். அது இணைசேரும் பருவம். ஆண்மான் மேய்ச்சலைக் குறைத்து, சேற்றில் புரண்டு, இரவும் பகலும் கத்தித் தன் பெண்மான் கூட்டத்தைக் காக்கும். மற்ற மாதங்களில் கண்ணில் படாமல் ஒதுங்கும் விலங்கு, தான் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். வேட்டைக்காரர்கள் இந்தப் பருவத்தை ‘ரோர்’ என்பார்கள்.

செம்மான் இந்த மண்ணுக்குரியதல்ல. வௌவாலைத் தவிர தனக்கே உரிய நிலவாழ் பாலூட்டி இல்லாத இத்தீவுகளுக்கு, 1850களில் தொடங்கி பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே நிலப்பிரபுக்களுக்கு மட்டுமே வாய்த்த வேட்டை இங்கே எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று குடியேறியவர்கள் விரும்பினார்கள். மானுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. உரிமம் வாங்கியவர்கள், பருவத்தில், நல்ல கொம்புள்ள சில ஆண்மான்களை மட்டும் சுட்டார்கள்.

கொன்று தின்னும் விலங்கு எதுவும் இல்லாததால் மான்கள் பெருகின. மரக்கன்றுகளும் செடிகளும் மேயப்பட்டுக் காட்டின் அடியடுக்கு வெறுமையானது. 1930இல் பாதுகாப்பு நீங்கியது. அரசே கூலிக்கு ஆள் வைத்துச் சுட்டது. மாவும் தேயிலையும் சுமந்து மாதக்கணக்கில் மலையில் தங்கிய அவர்களுக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை, எண்ணிக்கைதான் கணக்கு. 1960களில் ஹெலிகாப்டர் கொண்டு வேட்டையாடும் வழக்கம் வந்தது. இறைச்சி மேற்கு ஜெர்மனிக்கு ஏற்றுமதியானது. காட்டு மான் வெகுவாகக் குறைந்தது. 1970களில் அதே ஹெலிகாப்டரிலிருந்து வலைவீசி உயிரோடு பிடித்த மான்கள் பண்ணைகளை நிரப்பின.

இன்று அரசு நிலத்தில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறை இலவச அனுமதி தருகிறது. ரோர் பருவத்தில் பெயர்பெற்ற சில பகுதிகளுக்குக் குலுக்கல் உண்டு. ஆண்மானை ஏமாற்றி வரவழைக்க அன்று மாட்டுக்கொம்பை ஊதினார்கள். இன்று பிளாஸ்டிக் குழாயும் துணைக்கு வந்துவிட்டது. குழாயை வாயில் வைத்து, அடிவயிற்றிலிருந்து முனகி எழுப்பும் அந்த ஒலிக்கு எதிர்மலையிலிருந்து பதில் வரும். பதில் தருவது மானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இன்னொரு வேட்டைக்காரராகவும் இருக்கலாம். மான் என்று எண்ணி மனிதரைச் சுட்ட துயரங்கள் நடந்திருக்கின்றன. அதனால்தான் பளிச்சென்ற ஆரஞ்சு உடையும், இலக்கை ஐயமறக் கண்டபின்பே விசையைத் தொட வேண்டும் என்ற விதியும்.

வேட்டைக் கருவிகள் மாறிய அளவுக்குக் கொம்பின் மீதுள்ள மோகம் மாறவில்லை. பல பகுதிகளில் மான் மறுபடி பெருகிவருகிறது. கொம்புக்காக ஆண்மானைச் சுடுவது அதைத் தடுக்காது. ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு இணையும். ஒன்றைச் சுட்டால் அதன் இடத்தை இன்னொன்று பிடிக்கும். அடுத்த ஆண்டு பிறக்கும் குட்டிகள் குறையாது. பெண்மானைச் சுட்டால்தான் எண்ணிக்கை இறங்கும். இளம் ஆண்மானை வளரவிட்டு, வீட்டு இறைச்சிக்குப் பெண்மானைக் கொண்டுவருபவரே அந்தக் காட்டுக்கு இன்று உண்மையில் உதவும் வேட்டைக்காரர்.