கையில் ஒட்டாத மகரந்தம்

பிள்ளையார் சதுர்த்திக்கு நகரிக்குப் போயிருந்தபோது, ஆற்றோரத்தில் பறித்து வந்த எருக்கம்பூவை மாலையாகக் கட்டிக்கொண்டிருந்தோம். "அப்பா, செம்பருத்தியைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டுகிறதே, இதில் ஏன் ஒட்டவில்லை?" என்று மகள் கேட்டாள். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பிறகு படித்து அறிந்ததை நம் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலான பூக்கள் மகரந்தத்தைப் பொடியாகத் தூவுகின்றன. எருக்கு அப்படியல்ல, தன் மகரந்தம் முழுவதையும் பத்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கிறது. பூவின் நடுவே ஐந்து மூலைக் கிரீடம் ஒன்று இருக்கிறதல்லவா? அதன் ஒவ்வொரு மூலைக்கும் இடையே மெல்லிய பிளவு உண்டு. பிளவின் மேல்முனையில் ஒரு சிறு கவ்வி. அதிலிருந்து இரு காம்புகளில் இரண்டு பொட்டலங்கள் தொங்குகின்றன, தராசுத் தட்டுகள் போல.

தேனுக்கு வரும் பெரிய கருவண்டின் கால் பிளவில் வழுக்கி விழுகிறது. வண்டு காலை இழுக்கும்போது கவ்வி பற்றிக்கொண்டு, பொட்டலங்களும் கூடவே வந்துவிடுகின்றன. அடுத்த பூவில் கால் மறுபடி வழுக்கும்போது பொட்டலம் உள்ளே சிக்கி நின்றுவிடுகிறது. வலுவில்லாத சிறு பூச்சிகள் சில சமயம் காலை விடுவிக்க முடியாமல் அங்கேயே மடிவதும் உண்டு.

ஆர்க்கிட் பூக்களும் மகரந்தத்தைப் பொட்டலமாகவே கட்டுகின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் வாண்டா அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஆர்க்கிடில் கவ்வி இல்லை, பசை. பொட்டலத்தின் அடியிலுள்ள பசைத்தட்டு பூச்சியின் உடலில் ஒட்டிக்கொள்கிறது. டார்வின் கூராகச் சீவிய பென்சிலை ஓர் ஆர்க்கிட் பூவில் நுழைத்து எடுத்துப் பார்த்தார். ஒட்டி வந்த பொட்டலம் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முன்பக்கம் சாய்ந்தது. அடுத்த பூவின் சூல்முடியில் சரியாகப் படுவதற்கே இந்தச் சாய்வு! ஆர்க்கிட் பற்றிய அவருடைய நூல் 1862இல் வெளிவந்தது.

ஏன் இந்த ஏற்பாடு? ஆர்க்கிடின் ஒரே காயில் தூசி போன்ற விதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எருக்கங்காயிலும் பஞ்சு கட்டிய விதைகள் ஏராளம். ஒரு பொட்டலம் போய்ச் சேர்ந்தால் ஒரே நேரத்தில் பல விதைகள் உண்டாகும். ஆனால் வழி தவறினால் அத்தனையும் வீண்.

ஆகவே எருக்கின் பிழைப்பு வண்டின் கையில், இல்லை, காலில் இருக்கிறது. கருவண்டு பட்ட மரத்தைத் துளைத்துத்தான் கூடு கட்டும். காய்ந்த கிளைகளையெல்லாம் வெட்டி இடத்தைச் சுத்தம் செய்துவிட்டால் வண்டுக்கு வீடு ஏது? வண்டு இல்லையேல் எருக்கில் பூ இருக்கும், காய் இருக்காது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது குழந்தைகளிடம் ஒரு மெல்லிய ஊசியைக் கொடுங்கள். எருக்கம்பூவின் பிளவில் நுழைத்து மேல்நோக்கி மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் நிற இரட்டைப் பொட்டலம் ஊசி முனையில் வரும். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடவும். என் மகள் மூன்றாவது பூவில் வெற்றி பெற்றாள்!