பிளாஸ்டிக் குழாய், கார்பைடு கல்... கண்ணைப் பறிக்கும் 'கார்பைடு கன்' எப்படி இவ்வளவு ஆபத்தானது?

2025 அக்டோபர் தீபாவளி நேரத்தில் மத்தியப் பிரதேசத்தின் போபால், விதிஷா, குவாலியர் போன்ற ஊர்களில் கண் மருத்துவர்களுக்குத் திடீரென வேலை கூடியது. சில நாட்களுக்குள் 100க்கும் மேற்பட்டோர் கண் காயங்களோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம், 150, 200 ரூபாய்க்குத் தெருவோரம் விற்ற ஒரு பிளாஸ்டிக் குழாய்: 'கார்பைடு கன்'. இதன் விற்பனையைத் தடுக்கச் சொல்லி மாநில அரசு தீபாவளிக்கு முன்பே உத்தரவிட்டிருந்தது. அதையும் மீறிச் சந்தையில் கிடைத்தது. போதாததற்கு, 'வீட்டிலேயே செய்யலாம் வாங்க' என்று ரீல்ஸ் வேறு.

அது என்ன கார்பைடு கன்?

வயலில் குரங்கையும் பறவையையும் விரட்ட விவசாயிகள் பயன்படுத்திய சத்தக் குழாய்தான் இது. பிறகு பட்டாசாக மாறிவிட்டது.

கார்பைடு நமக்குப் புதிதல்ல. மாம்பழத்தைச் சீக்கிரம் பழுக்க வைக்க வியாபாரிகள் கள்ளத்தனமாக வைக்கும் அதே கல்தான். அந்தப் பயன்பாட்டுக்கு உணவுப் பாதுகாப்பு விதிகளில் தடை உண்டு. இந்தக் கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் என்ற வாயு வரும். வெல்டிங் கடையில் இரும்பை வெட்டப் பயன்படும் வாயு அது. குழாய்க்குள் அது தீப்பிடித்தால் 'டமார்'!

வெளிநாட்டிலும் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. அமெரிக்காவில் 'பொட்டேட்டோ கேனன்' என்பார்கள். பிளாஸ்டிக் குழாயில் உருளைக்கிழங்கை அடைத்து, எரியும் வாயுவாலோ அழுத்தப்பட்ட காற்றாலோ தூர வீசுவது. பலருக்கு வார இறுதி ஜாலி. ஆனால் பிரிட்டனில், குழாய் வழியாக எறியும் கருவியின் வேகசக்தி 1 ஜூலைத் தாண்டினாலே அது துப்பாக்கிச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

தண்ணீரைத் தாங்கும் குழாய், வாயுவைத் தாங்காதா?

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பிவிசி குழாய் வருஷக்கணக்கில் உழைக்கிறதே, இதைத் தாங்காதா என்று தோன்றலாம். தாங்காது.

தண்ணீரை அழுத்திச் சுருக்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம். குழாய் விரிசல் விட்டால் கொஞ்சம் பீய்ச்சும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். வாயு அப்படியல்ல. அமுக்கிய ஸ்பிரிங் மாதிரி சக்தியைச் சேர்த்து வைத்திருக்கும். குழாய் உடையும் நொடியில் அத்தனையும் வெளியே பாயும். தண்ணீர்ப் பையில் ஓட்டை போட்டால் ஒழுகும். பலூனில் போட்டால் வெடிக்கும். அதே கதைதான்.

பிவிசி உடையும் விதமும் மோசம். இரும்பு போல நெளியாது, கண்ணாடி போலக் கூரான சில்லுகளாகச் சிதறும். வெயிலில் கிடந்த குழாய் இன்னும் எளிதில் நொறுங்கும். சூடு ஏறினால் அதன் பலம் குறையும். குழாய்மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கானது, வெடிப்புக்கு அல்ல. தொழிற்சாலைகளில் தரைக்கு மேல் செல்லும் பிவிசி குழாயில் அழுத்தப்பட்ட காற்றை அனுப்ப வேண்டாம் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 1988-லேயே எச்சரித்துவிட்டது.

ஏன் கண்ணையே குறி வைக்கிறது?

பலர் அடிபட்ட விதம் ஒன்றே. பற்றவைத்தும் வெடிக்கவில்லை. 'என்னாச்சு?' என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த நேரம் பார்த்து வெடிக்கிறது.

சமையல் எரிவாயு காற்றில் சுமார் 2 முதல் 10 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் எரியும். அசிட்டிலீனோ சுமார் 2.5 சதவீதத்தில் தொடங்கி 80 சதவீதம் வரைகூட எரியும். கல்லில் ஈரம் இருக்கும்வரை வாயு வந்துகொண்டே இருக்கும். அதனால் 'புஸ்ஸாகிவிட்டது' என்று நினைக்கும் குழாய்தான் ரொம்ப ஆபத்து.

அடுத்தது வேதியியல். கார்பைடும் தண்ணீரும் சேர்ந்தால் வாயுவோடு நீற்றுச் சுண்ணாம்பும் உருவாகும். வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்பு. வெடிக்கும்போது இது சூடாகக் கண்ணில் அப்பிக்கொள்கிறது. அமிலம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். காரப் பொருள் திசுக்களின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். ஆக ஒரே அடியில் தீக்காயம், வேதிக்காயம், சில்லு குத்திய காயம் மூன்றும்.

கண்ணில் பட்டுவிட்டால்?

* கசக்க விடாதீர்கள்.
* உடனே சுத்தமான ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். இமையைத் திறந்து பிடித்துக் கழுவுவது முக்கியம்.
* சில்லு குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், கண்ணை அழுத்தாதீர்கள். காகிதக் கோப்பை போன்ற ஒன்றால் கண்ணில் படாமல் மூடிக் கூட்டிச் செல்லுங்கள்.
* தாய்ப்பால், எண்ணெய், கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம்.
* வலி குறைந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். இமைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துகளை அவர்தான் எடுக்க முடியும்.

வீட்டில் பசங்க இந்த வீடியோவைக் காட்டினால் சும்மா 'கூடாது' என்று சொன்னால் எடுபடாது. குழாய் ஏன் சிதறும், சுண்ணாம்பு கண்ணை என்ன செய்யும் என்று சொல்லிக் காட்டுங்கள். ஒன்று மட்டும் மனதில் பதிந்தாலே போதும்: வெடிக்காத குழாய்க்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.