ஒஸ்ட்சிபெக்: நீரை விரட்டிச் செய்யும் சீஸ்

போலந்தின் தென்கோடியில், டாட்ரா மலைத்தொடரின் அடிவாரத்தில் பொத்ஹாலே என்றொரு வட்டாரம் உண்டு. அங்கு வாழும் குராலே என்னும் மலைமக்கள் செம்மறியாட்டுப் பாலில் செய்யும் சீஸுக்கு ஒஸ்ட்சிபெக் என்று பெயர். இரண்டு முனைகளும் கூம்பி, நடு பருத்து, நூல் நூற்கும் தக்ளியைப் போன்ற வடிவம். நீளம் 17 முதல் 23 சென்டிமீட்டர். பருத்த இடத்தில் விட்டம் 6 முதல் 10 சென்டிமீட்டர். எடை 600 முதல் 800 கிராம். வெளித்தோல் புகை ஏறி வைக்கோல் நிறத்திலோ வெளிர்பழுப்பிலோ மினுங்கும். வெட்டினால் உள்ளே இளமஞ்சள். பல்லில் கடிக்கும்போது கிறீச்சென்று ஒலி எழுந்தால் சரியாக வந்திருக்கிறது என்று பொருள்.

இதன் செய்முறையில் பல கட்டங்கள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான். பாலில் பெரும்பகுதி நீர், அந்த நீரை வெளியேற்ற வேண்டும். மேய்ச்சல் மலையின் மேலே. சந்தையோ கீழே, பல மணி நேர நடைத் தொலைவில். பாலைக் கீழே கொண்டுவருவதற்குள் அது கெட்டுவிடும். நீர் நீங்கிய கட்டி எளிதில் கெடாது. ஆகவே முதலில் பாலை உறைய வைத்து நீரைப் பிரிக்கிறார்கள். பிறகு கையால் பிழிகிறார்கள். பிறகு வெந்நீராலும் உப்பாலும் இழுக்கிறார்கள். கடைசியில் புகையால் உலர்த்துகிறார்கள். இந்த வரிசையில் ஒன்றைக்கூட இடம் மாற்ற முடியாது.

வேலை ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது. 23ஆம் தேதி புனித வோய்ச்செக்கின் நாள். அதையொட்டிப் பல வீட்டு ஆடுகளும் ஒரே மந்தையாகத் திரட்டப்பட்டு மலைக்கு ஓட்டப்படும். இந்தப் பயணத்துக்கு ரெடிக் என்று பெயர். மந்தை முழுவதற்கும் பொறுப்பு ஒரே ஆளிடம். அவர் பாட்சா எனப்படும் தலைமை மேய்ப்பர். அவருக்குக் கீழே யுஹாஸ் என்னும் துணை மேய்ப்பர்கள். ஹங்கேரிய மொழியிலும் மேய்ப்பனை யுஹாஸ் என்றே அழைக்கிறார்கள். சொல் அங்கிருந்து வந்தது. மலைக்குச் சென்றதும் பாட்சா செய்யும் முதல் வேலை, குடிலுக்குள் தீ மூட்டுவது. வாட்ரா எனப்படும் அந்தத் தீ இலையுதிர்காலத்தில் மந்தை இறங்கும்வரை அணையக் கூடாது. இதை வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். பாலைச் சூடாக்குவதும் அதே தீ, புகை தருவதும் அதே தீ.

வாட்ரா என்ற சொல் போலிஷ் சமவெளியில் பிறந்ததல்ல. ருமேனிய மொழியில் அடுப்படியைக் குறிக்கும் சொல் அது. கார்பாத்திய மலைகளின் முதுகின் வழியாக, ஏறத்தாழ 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை, விலாக் எனப்படும் மேய்ப்பர் கூட்டங்கள் தெற்கிலிருந்து வடமேற்காக நகர்ந்து வந்தன. ஆட்டையும் உறைமருந்தையும் சொற்களையும் அவர்கள் சேர்த்தே கொண்டுவந்தார்கள். டாட்ராவுக்கு அருகிலுள்ள ஒஹோட்னிட்ஸா என்னும் விலாக் குடியிருப்பின் 1416ஆம் ஆண்டு ஆவணமே இப்பகுதியின் சீஸ் தொழிலுக்கு மிகப் பழைய சான்றாகக் காட்டப்படுகிறது. சமவெளிப் போலந்தின் சமையலறையில் பன்றிக்கொழுப்பும் புளித்த ரை தானிய மாவும் முட்டைக்கோசும் ஆட்சி செய்ய, இந்த மலைச்சரிவில் மட்டும் வேறொரு உணவுமரபு நிலைத்ததற்கு விலாக்குகளின் இந்த வருகையே காரணம். கீழே விவரிக்கப்படும் வேலையில் கருவிகளும் பண்டங்களும் பெரும்பாலும் அந்த வழிவந்த பெயர்களையே தாங்கியிருக்கின்றன.

முதற்கட்டம் பால் கறத்தல். ஆடுகள் இரவில் மரப்படல்களால் அடைத்த கிடையில் கிடக்கும். சில நாள்களுக்கொரு முறை படல்களைப் பெயர்த்துக் கிடையை இடம் மாற்றுவார்கள். புல்வெளிக்கு அதுவே உரம். கறக்கும் நேரத்தில் கிடையின் ஒரு பக்கத்தில் ஆடு ஒவ்வொன்றாக மட்டும் நுழையக்கூடிய குறுகிய வாயில் திறக்கப்படும். அதற்கு ஸ்ட்ரோங்கா என்று பெயர். ருமேனிய மேய்ப்பர்களிடம் அது ஸ்ட்ருங்கா. வாயிலருகே யுஹாஸ்கள் உட்கார்ந்திருப்பார்கள். நுழையும் ஆட்டைப் பிடித்து, கியெலாட்டா என்ற மரக்கலயத்தில் கறந்து, மறுபக்கம் விட்டுவிடுவார்கள். எந்த ஆட்டையும் இருமுறை கறக்கவோ விட்டுவிடவோ வாய்ப்பில்லை. எளிய ஏற்பாடு, எண்ணிக்கை பிசகாத ஏற்பாடு.

ஓர் ஆடு ஒரு வேளைக்குத் தருவது சிறு குவளை அளவுதான். ஆனால் பசும்பாலைவிட அதில் கொழுப்பும் புரதமும் மிக அதிகம். ஒரு ஒஸ்ட்சிபெக்குக்குச் சுமார் 6 லிட்டர் பால் வேண்டும். இத்துடன் பசும்பால் கலக்க அனுமதி உண்டு. ஆயினும் அது 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. போலிஷ் சிவப்பு மாட்டினத்தின் பாலாகவும் இருக்க வேண்டும். ஆடும் போலிஷ் மலையாட்டு இனமாகவே இருத்தல் விதி. பாலைக் காய்ச்சிக் கிருமிநீக்கம் செய்வதில்லை, பச்சைப்பாலே பயன்படும்.

அடுத்தது வடிகட்டல். குடிலுக்குள் புச்சியெரா என்னும் மரத்தொட்டி நிற்கும். அதன் வாய்க்குத் துணியை வேடு கட்டி, துணியின் மேல் ஊசியிலை மரத்தின் பசுங்கிளை ஒன்றை வைத்து, அதன்மீது பாலை ஊற்றுவார்கள். கிளை பாலின் வேகத்தைத் தணிக்கும். மயிரும் துரும்பும் ஊசியிலைகளிலேயே சிக்கிக்கொள்ளும்.

பால் உடல்சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பில், 35 டிகிரி செல்சியஸுக்குச் சற்று முன்பின்னாக, இருக்கும்போது உறைமருந்து சேர்க்கப்படும். பாலை மட்டுமே உண்ட கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி இது. பாட்சா இதைக் கிளாக் என்பார். ருமேனியர் க்யாக் என்பர். இப்போது பெரும்பாலும் தூளாக வாங்கி நீரில் கரைத்துக்கொள்கிறார்கள். பாலின் மேல் சிலுவைக் குறி இட்டுவிட்டுத் தொட்டியை மூடி வைப்பது வழக்கம். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பால் அசையாத ஒரே கட்டியாக நிற்கும். இது தயிரல்ல. தயிர் புளிப்பால் உறைவது, இது நொதியால் உறைவது. ஆகவே புளிப்பின்றி, இழுபடும் தன்மையோடு இருக்கிறது. பின்னால் வெந்நீரில் பிசையும்போது உடைந்து போகாமல் வளைந்து கொடுப்பதற்கு இந்தத் தன்மைதான் அடிப்படை.

உறைந்த கட்டியை உடைக்க ஃபெருலா என்ற கைக்கோல் இருக்கிறது. மத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். இதைத் தொட்டிக்குள் விட்டு முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் சுழற்ற, கட்டி சிறுசிறு மணிகளாகச் சிதறும். மணி சிறுத்தால் நீர் அதிகம் வெளியேறும், சீஸ் இறுகும். பருத்தால் நீர் உள்ளேயே தங்கும், சீஸ் மென்மையாகும். ஒஸ்ட்சிபெக்குக்கு மணி சிறுக்க வேண்டும். இந்தப் பதத்தைப் பாட்சா கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் அறிகிறார். சற்று வெந்நீர் ஊற்றிச் சூட்டை ஏற்றினால் மணிகள் இறுகி அடியில் படியும், தெளிநீர் மேலே நிற்கும். பாட்சா இரண்டு கைகளையும் தொட்டியின் அடிவரை விட்டு, மணிகளை ஒன்றுசேர்த்து உருண்டையாக்கி வெளியே எடுக்கிறார்.

இங்கே ஒரு கிளைவழி பிரிகிறது. உருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் அது புன்ட்ஸ் என்னும் இளஞ்சீஸ். இனிப்பாக, உப்பில்லாமல் இருக்கும். அந்தப் புன்ட்ஸைப் புளிக்கவிட்டு, அரைத்து, உப்பிட்டால் பிரிண்ட்ஸா. ருமேனியத்தில் சீஸுக்கே பொதுச்சொல் பிரின்ஸா. பொத்ஹாலே பிரிண்ட்ஸாதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் இடப்பெயர்ப் பாதுகாப்பைப் பெற்ற முதல் போலிஷ் பண்டம், ஆண்டு 2007. தொட்டியில் எஞ்சிய தெளிநீரும் வீணாவதில்லை. அதைக் காய்ச்சினால் ஷென்டிட்சா என்னும் பானம் கிடைக்கும். செதுக்கு வேலைப்பாடுள்ள கைப்பிடி மரக்கிண்ணத்தில் மேய்ப்பர்கள் அதைக் குடிக்கிறார்கள்.

ஒஸ்ட்சிபெக்குக்குத் திரும்புவோம். கைத்திறன் முழுவதும் தேவைப்படும் கட்டம் இனிமேல்தான். ஒரு சீஸுக்கான அளவை எடுத்து இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்த, முதல் நீர் வழிந்துவிடும். பிறகு உருண்டையை ஏறத்தாழ 70 டிகிரிச் சூட்டிலுள்ள நீரில் முக்கி எடுக்கிறார்கள். சூட்டில் புரதம் இளகும். இளகியதை மறுபடி அழுத்த, உள்ளே சிக்கியிருந்த நீர் வெளியே வரும். முக்குவது, பிசைவது, பிழிவது, மறுபடி முக்குவது. இப்படியே பலமுறை. அந்தச் சூட்டில் வெறுங்கையோடு வேலை செய்யப் பழகுவதற்கே ஒருவருக்குச் சில பருவங்கள் தேவைப்படும். ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்பு வழவழப்பாகிறது, கை அதை மெல்ல நீள்வடிவுக்குக் கொண்டுவருகிறது. நடுவே மெல்லிய கோல் ஒன்றை நீளவாக்கில் செருகி எடுப்பதும் உண்டு; மையத்தில் தேங்கிய நீர் வெளியேற அது வழி செய்யும். அந்தத் துளை அடுத்த பிழியலில் மூடிக்கொள்ளும். உள்ளே காற்றறையோ நீர்ப்பையோ தங்கினால் புகையூட்டும்போது சீஸ் வெடிக்கும். ஆகவே இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது.

பின்னர் அச்சு. ஒஸ்ட்சிபியோர்கா என்னும் இந்த மர அச்சு இரு பாதிகளாக இருக்கும். உள்பக்கத்தில் கோடும் சாய்சதுரமும் பற்களுமாகச் செதுக்கு வேலை. சீஸின் நடுப்பகுதியைச் சுற்றி இரு பாதிகளையும் சேர்த்து இறுக்கிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளையும் உள்ளங்கையால் உருட்டிக் கூம்பாக்குகிறார்கள். ஆக, நடுவிலுள்ள பட்டை அச்சின் வேலை, முனைகள் கையின் வேலை. செதுக்கு வடிவம் குடிலுக்குக் குடில் மாறும் என்பதால், பட்டையைப் பார்த்தே எந்தப் பாட்சாவின் சரக்கு என்று தெரிந்தவர் சொல்லிவிடுவர். முத்திரையும் அலங்காரமும் ஒரே அழுத்தத்தில் முடிந்துவிடுவது இதன் அழகு. எஞ்சும் துணுக்குகள் இதயம், சேவல், மான் வடிவ அச்சுகளில் அமுக்கப்பட்டு ரெடிகவுகா என்ற சிறு சீஸாகின்றன. மந்தை இறங்கும் நாளில் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் அவற்றைக் கொடுப்பது மரபு.

அச்சிலிருந்து எடுத்த சீஸ் குளிர்ந்ததும் செறிவான உப்புநீரில் மூழ்கவைக்கப்படும். கால அளவு அதிகபட்சம் ஒரு நாள். உப்பு உள்ளே நுழையும். நுழைந்த உப்புக்கு ஈடாக நீர் வெளியே வரும். தோல் கெட்டியாகும், சுவையும் ஏறும். ஊறல் நீண்டால் உப்பு நாக்கைச் சுடும்.

உப்புநீரிலிருந்து எடுத்த சீஸ்களைக் குடிலுக்குள்ளேயே ஈரம் போக உலர்த்தி, கூரைக்கடியிலுள்ள மரத்தட்டுகளில் அடுக்குகிறார்கள். பாட்சுஃப்கா எனப்படும் இந்தக் குடிலுக்குப் புகைபோக்கி கிடையாது. நடுவில் எரியும் வாட்ராவின் புகை மேலே ஏறி, சீஸ்களைத் தழுவிக்கொண்டு, கூரைப்பலகைகளின் இடுக்குகள் வழியே வெளியேறும். புகைபோக்கி வைக்க மறந்துவிட்டார்கள் என்று முதலில் பார்ப்பவர் எண்ணக்கூடும். உண்மையில் குடில் முழுவதுமே புகைக்கூண்டாகக் கட்டப்பட்டிருக்கிறது. மேய்ப்பர்கள் அதற்குள் குடியிருக்கிறார்கள், அவ்வளவே. புகை சூடாக இருக்கலாகாது. சூடானால் சீஸ் வியர்த்து வடிவிழக்கும். கூரைவரை ஏறுவதற்குள் அது குளிர்ந்துவிடுவதால் தட்டின் உயரமே வெப்பத்தைச் சீராக்குகிறது. 3 முதல் 14 நாள் வரை புகையூட்டுவார்கள். இடையிடையே திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே நிறம் ஏறும். இந்நாள்களில் எஞ்சிய நீரில் இன்னொரு பங்கு போய்விடும். புகையிலுள்ள பொருள்கள் தோலில் படிந்து பூஞ்சையைத் தடுக்கும்.

இவ்வளவு நுணுக்கமான தொழில் நடுவில் ஒருமுறை அறுபட இருந்தது. 1954இல் டாட்ரா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. மிகை மேய்ச்சலால் சரிவுகள் அரித்துப்போயிருந்தன என்பது உண்மை. பூங்காவுக்குள் மேய்ச்சல் படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஆடுகள் இல்லாமற்போனதும் புல்வெளிகளில் காடு ஏறத் தொடங்கியது. 1981 முதல் குறிப்பிட்ட சில வெளிகளில் மட்டும், பண்பாட்டு மேய்ச்சல் என்ற பெயரில், அளவோடு அனுமதி தரப்பட்டது. அங்கே குராலே உடையும் பழைய குடிலும் பழைய கருவியும் நிபந்தனைகளுள் அடங்கும். அரசாணை ஒன்று மரக்கலயத்தைக் காப்பாற்றியது விந்தைதான்.

2008இல் ஒஸ்ட்சிபெக் என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு கிடைத்தது. மலைக்கு மறுபக்கத்தில் ஸ்லோவாக்கியர் செய்யும் ஒஷ்டியெபொக் இதன் நெருங்கிய உறவு. முதலில் அவர்கள் மறுப்புத் தெரிவித்து, பிறகு உடன்பட்டனர். விதிப்படி பால் எடுப்பது மே முதல் செப்டம்பர் வரை மட்டுமே. செப்டம்பர் 29, புனித மிக்கேலின் நாளை ஒட்டி மந்தை இறங்கிவிடும், வாட்ரா அணையும், விற்பனை அக்டோபரோடு முடியும்.

ஸாகோபானே நகரின் குருபூஃப்கி கடைத்தெருவில் ஆண்டு முழுவதும் தக்ளி வடிவச் சீஸைக் கம்பிவலையில் வாட்டி, கிரான்பெர்ரிப் பழப்பாகு வைத்து விற்கிறார்கள். சுவைக்குக் குறைவில்லை. ஆனால் பிப்ரவரியில் அங்கே நிற்க நேர்ந்தால் ஒஸ்ட்சிபெக் என்று கேட்காதீர்கள். அப்போது ஆடுகள் தொழுவத்தில் சினையாக நிற்கும். கையில் கிடைப்பது பசும்பால் சீஸ். அதற்குக் கோவ்கா என்று நல்ல பெயர் இருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லியே வாங்குங்கள்.