யந்திரக் கணக்குகளை விடுவிக்கும் நெறி

ஐந்து யந்திரங்கள் ஐந்து நிமிஷத்தில் ஐந்து பொருள்களைச் செய்யுமாயின், நூறு யந்திரங்கள் நூறு பொருள்களைச் செய்ய எத்தனை நிமிஷம் வேண்டும்? இவ்வினாவைக் கேட்ட மாத்திரத்தே 'நூறு நிமிஷம்' என்னும் விடை நாவின் நுனியில் வந்து நிற்கும். ஐந்து என்பதை மும்முறை கேட்ட செவி, நூறு என்பதையும் மும்முறை கேட்க விழைகின்றது. மெய்யான விடையோ ஐந்து நிமிஷமேயாம்.

இதனை எளிய வினாவென்று இகழ்தல் வேண்டா. ஷேன் பிரெடரிக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இவ்வினாவையும் இதனையொத்த வேறு இரண்டையும் 3,428 பேரிடம் கொடுத்துச் சோதித்து, அதன் முடிவை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்களுட் பெரும்பாலார் கல்லூரி மாணாக்கர். மூன்று வினாக்களுக்கும் சரியான விடையளித்தோர் நூற்றுக்கு 17 பேர். ஒன்றிற்குமே சரியான விடையளியாதோர் நூற்றுக்கு 33 பேர். ஆகவே, இங்கு இடறுதல் கல்லாமையால் மட்டும் நேர்வதன்று. முதலில் தோன்றிய விடையை ஆராயாது கொள்ளுதலாலும் நேர்வதாம்.

இத்தகைய கணக்கினுட் புகுவதற்கு வாயில் ஒன்றே. ஒரு யந்திரம் ஒரு குறித்த காலத்தில் எவ்வளவு செய்யும் என்று முதற்கண் காணுதலே அது. மேற்கூறிய ஐந்து யந்திரங்களும் ஒருங்கே ஓடி, ஐந்து நிமிஷ முடிவில் தலைக்கு ஒரு பொருளைத் தருகின்றன. எனவே, ஒரு பொருளைச் செய்ய ஒரு யந்திரத்திற்கு ஐந்து நிமிஷம் ஆகும். நூறு யந்திரங்களை நிறுத்தினும் ஒவ்வொன்றும் ஒரு பொருளையே செய்யவேண்டியிருத்தலின், காலம் மாறுவதில்லை.

எண்கள் வேறுபடுமிடத்தும் இந்நெறியே துணையாம். 8 விசைத்தறிகள் 6 மணி நேரத்தில் 240 கெஜத் துணி நெய்கின்றன. 10 தறிகள் 450 கெஜம் நெய்ய எத்தனை மணி நேரம் ஆகும்? எட்டையும் ஆறையும் பெருக்க 48 வரும். அஃதாவது, ஒரே தறி 48 மணி நேரம் ஓடியதற்கு இவ்வேலை சமம். 240-ஐ 48-ஆல் வகுக்க, ஒரு தறி மணிக்கு 5 கெஜம் நெய்கின்றதென்பது பெறப்படும். பத்துத் தறிகள் மணிக்கு 50 கெஜம் நெய்யும். 450 கெஜத்திற்கு 9 மணி நேரம் ஆகும்.

இனி, வேகம் ஒவ்வாத யந்திரங்களைக் கருதுவோம். பழைய யந்திரம் ஒரு வேலையை 6 மணி நேரத்திலும், புதியது அதனையே 3 மணி நேரத்திலும் முடிக்குமாயின், இரண்டும் சேர்ந்து எப்பொழுது முடிக்கும்? கூட்டிப் பாதியாக்கி, நாலரை மணி என்பார் உளர். புதிய யந்திரம் தனித்தே மூன்று மணியில் முடிக்கும் வேலை, துணை பெற்றபின் நீளுமோ? காலங்களைக் கூட்டலாகாது; வேகங்களையே கூட்டல் வேண்டும். மணிக்கு ஆறிலொரு பங்கும் மூன்றிலொரு பங்கும் சேர்ந்தால் அரைப்பங்காம். ஆகவே, வேலை இரண்டு மணியில் முடியும்.

இந்நெறி யந்திர யுகத்திற் பிறந்ததன்று. கி.பி. 1150-ஆம் ஆண்டளவில் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதியில் நீர்த்தொட்டிக் கணக்கொன்று உளது. நான்கு நீர்வாய்கள் தனித்தனியே ஒரு நாள், அரை நாள், நாளில் மூன்றிலொரு பங்கு, ஆறிலொரு பங்கு ஆகிய காலங்களில் ஒரு தொட்டியை நிரப்புவன. நாளொன்றுக்கு அவை முறையே 1, 2, 3, 6 தரம் நிரப்புமாதலின், ஒருங்கே திறந்தால் 12 தரம் நிரப்பும். ஒரு தரம் நிரம்ப நாளில் பன்னிரண்டிலொரு பங்கே போதும்.

எனினும், இக்கணக்குகள் யாவும் ஓர் உடன்பாட்டின்மேல் நிற்கின்றன: ஒவ்வொன்றும் ஒரே சீராய் ஓடும், ஒன்றன் வேகத்தை மற்றொன்று மாற்றாது. மனிதர் தொழிலில் இது எப்பொழுதும் பொருந்துவதன்று. பத்துப்பேர் வேலையைப் பகுத்துக்கொண்டு நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகள் செய்ததை ஆடம் ஸ்மித் 1776-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதினார். பயிற்சியின்றித் தனித்துச் செய்யின் ஒருவர் 20 ஊசிகளும் செய்தல் அரிதென்றார். இருபதைப் பத்தால் பெருக்கி 48,000-ஐ எட்டுதல் இயலுமோ? ஆதலின், பெருக்குமுன் பெருக்கத் தகுமோ என வினாவுதலும் கணிதத்தின் பகுதியேயாம்.

நம் மாணாக்கருட் சிலர் பின்னாளில் ஆலைகளை மேற்பார்க்கவும், வேலைக்குத் தவணை குறிக்கவும் நேரும். ஒன்பது மணி வேலையை ஏழு மணியில் முடியுமென ஒருவர் குறித்துவிட்டால், குறைந்த இரண்டு மணியைத் தறியருகே நிற்பவன் தன் இளைப்பாறும் பொழுதினின்று ஈடுசெய்ய நேரிடும். ஆகவே, விடை கண்டபின் அதனை மீண்டும் வினாவிற் பொருத்திப் பார்த்தல் வேண்டும். 10 தறி, 9 மணி, மணிக்கு 5 கெஜம். மூன்றையும் பெருக்க 450 வருகின்றது. இச்சோதனைக்கு அரை நிமிஷமும் ஆகாது.