எட்டுக் காசில் நமக்கும் பங்கு உண்டு

ஆந்திரப் பிரதேசத்தில் வீட்டு வரி கட்டுகிறவர்கள், ரூபாய்க்கு 8 காசு வீதம் நூல் நிலைய வரியும் சேர்த்தே கட்டுகிறார்கள். 1,000 ரூபாய் வீட்டு வரி என்றால் அதற்கு மேல் 80 ரூபாய் நூல் நிலையத்துக்குப் போகிறது. சொந்த வீடு இல்லாதவர்களும் இதிலிருந்து தப்புவதில்லை. வரியையும் கணக்குப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் வாடகை பேசுகிறார்.

சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலைகளில் வேலை பார்க்கும் தமிழர்கள், திருப்பதியில் ஓட்டல்களிலும் லாட்ஜுகளிலும் கடைகளிலும் கணக்கு எழுதும் தமிழர்கள், ரேணிகுண்டாவிலும் பாகாலாவிலும் உள்ள ரயில்வே ஊழியர்கள் ஆகிய எல்லோரும் மாதா மாதம் வாடகையோடு இந்தக் காசையும் கொடுத்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரிவதில்லை. வாசலில் தெலுங்கில் 'கிரந்தாலயம்' என்று பலகை தொங்குகிறது. 'அது அவர்களுடையது, நமக்கு அங்கே என்ன வேலை?' என்று ஒதுங்கிப் போவதே வழக்கமாகி விட்டது.

இந்த எண்ணம் தவறானது. பணம் போவதோடு, பிள்ளைகளின் தமிழும் சேர்ந்து போவதற்கு இது ஒரு காரணமாகி வருகிறது.

சட்டம் வந்த வழி

சுதந்திர இந்தியாவில் பொது நூல் நிலையங்களுக்கென்று முதலில் சட்டம் செய்தது சென்னை மாகாணம். ஆண்டு 1948. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். சட்டத்துக்குப் பின்னால் பல ஆண்டுகள் உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். இவர் 1924ல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றவர். 1931ல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்துப் புத்தகமாக வெளியிட்டவர். புத்தகத்தைப் பூட்டிக் காப்பது மட்டும் நூலகர் வேலை அல்ல, அலமாரியில் கிடக்கும் புத்தகத்துக்குத் தகுந்த வாசகரைத் தேடிப் பிடிப்பதும் அவர் கடமை என்பது இவர் கொள்கை.

அந்த 1948ம் ஆண்டில் சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1ந் தேதி ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தபோதுதான் சித்தூர் அதில் சேர்ந்தது. 1960ல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. சித்தூர், திருப்பதி, நகரி, புத்தூர், குப்பம் ஆகியவை ஆந்திரத்திலேயே நின்றன. அதே 1960ல் ஆந்திரப் பிரதேசப் பொது நூல் நிலையச் சட்டம் வந்தது. ஜில்லா தோறும் 'ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தா' என்ற அமைப்பை ஏற்படுத்தி, நூல் நிலைய வரியை அதன் கையில் ஒப்படைக்க வழி செய்தது இந்தச் சட்டம்தான்.

தெலுங்கு நாட்டிலும் நூல் நிலையம் சர்க்கார் தயவால் மட்டும் வளர்ந்து விடவில்லை. அய்யங்கி வெங்கட ரமணய்யா போன்றவர்கள் 1914ல் விஜயவாடாவில் நூல் நிலையச் சங்கத்தைத் தொடங்கி ஊர் ஊராக அலைந்தனர். 1935ல் கிருஷ்ணா நதிக் கால்வாயில் படகிலேயே நூல் நிலையம் போயிற்று. தமிழ்நாட்டில் அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1931ல், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போயிற்று. இரண்டு மொழிக்காரரும் சேர்ந்து இழுத்த வண்டி இது. சித்தூர்த் தமிழருக்கு இதில் யாரும் சலுகை காட்ட வேண்டியதில்லை. உரிமையோடு உள்ளே போகலாம்.

கார்டு இல்லாமலே கிடைப்பவை

நூல் நிலையத்தில் உட்கார்ந்து படிக்கக் கார்டு தேவையில்லை. காசும் தேவையில்லை. தினசரிகள், வாரப் பத்திரிகைகள், வேலை வாய்ப்புச் செய்திகள் ஆகியவற்றை எவரும் படிக்கலாம். அகராதி, கலைக்களஞ்சியம், சட்ட நூல்கள் போன்றவற்றை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். அங்கேயே கேட்டு வாங்கிப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். வேலை முடிந்து ஒற்றை அறைக்குத் திரும்பும் தொழிலாளிக்கு, விளக்கும் விசிறியும் அமைதியும் உள்ள ஓர் இடம் இலவசமாகக் கிடைப்பதே பெரிய விஷயம்.

நேரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். கிளை நூல் நிலையங்கள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலுமாக இரண்டு வேளை திறக்கின்றன. நடுப்பகலில் மூடி விடுகிறார்கள். வார விடுமுறை ஞாயிறு அல்ல, பொதுவாக வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக் கிழமைதான் ஓய்வு என்கிறவர்களுக்கு இது மிகவும் வசதி. விவரம் தெரியாமல் வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள், பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

கார்டு எடுத்தால்

வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போக உறுப்பினராக வேண்டும். விண்ணப்பப் படிவம், போட்டோ, முகவரிக்கு ஆதார் நகல், டிபாசிட் ஆகியவை போதும். டிபாசிட் தொகை இத்தனை என்று நூல் நிலையத்திலேயே சொல்வார்கள். அது கட்டணம் அல்ல. ஊரை விட்டுப் போகும்போது புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து, கார்டை ஒப்படைத்தால் திரும்ப வாங்கிக் கொள்ளலாம். எனவே ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மாற்றலாகிப் போகும் குமாஸ்தாக்கள் அவசரத்தில் இதை மறந்து போவது உண்டு.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு முகவரிதான் தடையாக நிற்கும். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருந்தால், வேலை பார்க்கும் நிறுவனத்தின் கடிதத்தையோ, உள்ளூர்க்காரர் ஒருவரின் உத்தரவாதத்தையோ ஏற்பார்களா என்று நூலகரிடமே கேட்டுக் கொள்வது நல்லது. கேட்காமல் திரும்பி விடக் கூடாது.

எடுத்த புத்தகத்தைக் கெடுவுக்குள் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் அபராதம். முடிக்க முடியவில்லை என்றால் கெடு முடியுமுன் போய்ப் புதுப்பித்துக் கொள்ளலாம். தேவையான புத்தகம் வெளியே போயிருந்தால் பெயரைப் பதிந்து வைக்கலாம்.

பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக இலவச முகாம்கள் நடத்துகிறார்கள். கதை சொல்லுதல், படித்தல், ஓவியம் என்று பொழுது பயனாகக் கழிகிறது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூல் நிலைய வாரம். அப்போது பேச்சு, கட்டுரைப் போட்டிகள் நடக்கும். தெலுங்கு படிக்க வராத பெரியவர்களுக்குக் கூட இந்தப் பிள்ளைகள் பகுதி உதவும். பெரிய எழுத்தில் படத்தோடு உள்ள தெலுங்குப் பாலபாடம் ஒன்றை எடுத்துக் கொண்டால், கடைப் பலகையும் பஸ் பலகையும் தாமாகப் படிக்கச் சில வாரங்கள் போதும்.

பரீட்சை எழுதுவோருக்கு

வீட்டில் வேலை தேடும் பையனோ பெண்ணோ இருந்தால் கார்டின் அருமை உடனே தெரியும். பரீட்சைக் கைடு ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் விலை. கணிதம், பொது அறிவு, ஆங்கிலம் என்று மூன்று நான்கு வாங்க வேண்டியிருக்கிறது. போட்டித் தேர்வு நூல்களுக்கு நூல் நிலையங்கள் இப்போது தனி இடம் ஒதுக்குகின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. ரயில்வே தேர்வு வாரியத்தின் பரீட்சைகளைத் தமிழிலும் எழுதலாம். எஸ்.எஸ்.சி. என்னும் பணியாளர் தேர்வாணையம், பல்நோக்கு ஊழியர் தேர்வை 2023 முதல் இந்தி, ஆங்கிலம் தவிர 13 பிராந்திய மொழிகளில் நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. எனவே தமிழில் படித்த பிள்ளை ஆந்திரத்தில் இருப்பதால் பின்தங்க வேண்டியதில்லை. தேவைப்படுவது தமிழ்ப் புத்தகம்தான்.

தமிழ் அலமாரி

உண்மையான கஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது. நூல் நிலையத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போயிற்று என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை புத்தகம் வாங்கும்போது, எதற்குக் கிராக்கி என்று பார்த்தே வாங்குகிறார்கள். தமிழ்ப் புத்தகத்தை எடுக்க ஆளில்லை என்றால் புதிதாக வாங்கக் காரணமில்லை. புதிது வராத அலமாரியில் பழைய தாள் மஞ்சளாகி ஒடிகிறது. ஒடிந்த புத்தகத்தை யாரும் எடுப்பதில்லை. பிறகு அந்த அலமாரி வேறு புத்தகத்துக்குப் போய் விடுகிறது. யாரும் தமிழை விரட்டவில்லை. கேட்க ஆளில்லாமல் அது தானாகப் போகிறது.

வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியில் ஏராளம். பேசத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. பாட்டி ஊரிலிருந்து எழுதிய கடிதத்தை அப்பாதான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் இது வேங்கட மலையின் அடிவாரம். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகச் சொன்ன மலை இது. திருமலைக் கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் பெரும்பான்மை தமிழில்தான் உள்ளன.

வாங்கும் பணத்திலும் குறை உண்டு. வீட்டு வரியோடு வசூலித்த நூல் நிலையப் பங்கை உள்ளாட்சி அமைப்புகள் உரிய காலத்தில் அனுப்புவதில்லை என்ற குறை ஆந்திரம் முழுவதிலும் நெடுநாளாக உண்டு. பணம் குறையும்போது, யாரும் கேட்காத புத்தகங்களே முதலில் பட்டியலிலிருந்து விழும்.

கேட்க உரிமை உண்டு

அரசியல் சட்டத்தின் 350வது பிரிவு, குறை தீர்க்க வேண்டி எந்த அதிகாரிக்கும் நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனு எழுத உரிமை தருகிறது. 1994ல் யுனெஸ்கோ வெளியிட்ட பொது நூல் நிலைய அறிக்கை, மொழிச் சிறுபான்மையோருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்கிறது.

வெளியூர் போன தமிழர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரின் பொது நூல் நிலையங்களில் தமிழுக்கு இடம் உண்டு. அங்கே தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று. கனடாவில் தமிழ் ஆட்சி மொழி அல்ல. ஆயினும் டொராண்டோ நகர நூல் நிலையத்தில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. குடியேறி வந்தவர்கள் கேட்டு எடுத்துப் படித்ததால்தான் அது நிலைத்தது. யாழ்ப்பாண நூல் நிலையமும் 1933ல் ஒருவர் தம் வீட்டில் சேர்த்து வைத்த புத்தகங்களிலிருந்தே தொடங்கியது. 1981ல் அது எரிந்தபோது அழிந்த புத்தகங்கள் சுமார் 97,000.

கையில் போன் இருந்தால்

அலமாரியில் இல்லாத பழைய தமிழ் நூல்கள் பலவற்றை இப்போது போனிலேயே படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம் இலவசம். 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க நூல்கள் முதல் பலவற்றைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தரும் இலவசத் தொகுப்பு. கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் இந்தியத் தேசிய மின் நூலகத்தில் மாணவர்களுக்கான பாடங்களும் உண்டு. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் ஆறு வயதுப் பிள்ளைக்கு போன் திரை உதவாது. கையில் பிடித்துப் புரட்டப் படப் புத்தகம்தான் வேண்டும்.

பத்துப் பேர் போதும்

ஒருவர் தனியாகப் போய்த் தமிழ்ப் புத்தகம் கேட்டால், நூலகர் இல்லை என்று சொல்லி அனுப்பி விடலாம். ஒரே தெருவிலோ ஒரே ஆலையிலோ உள்ள பத்துக் குடும்பங்கள் கார்டு எடுத்தால் கணக்கு மாறும். கார்டு எடுத்தவுடன், இருக்கிற தமிழ்ப் புத்தகங்களை முதலில் எடுத்துப் படிக்க வேண்டும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பதிவேட்டில் ஏறுவதே முக்கியம்.

அதன் பின் தேவையான புத்தகங்களின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றை எழுதி, பிள்ளைகளுக்குப் பத்து, பரீட்சைக்கு ஐந்து, கதை ஐந்து என்று இருபது புத்தகப் பட்டியலாக ஜில்லா கிரந்தாலய சம்ஸ்தாவின் காரியதரிசிக்கு மனு கொடுக்கலாம். தமிழில் எழுதிக் கூடவே தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதி வைத்தால் காரியம் சுருக்காக நடக்கும். எல்லோரும் கையெழுத்திட்டுக் கார்டு எண்ணையும் எழுத வேண்டும். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் போய் வரும்போது, படித்து முடித்த நல்ல புத்தகங்கள் இரண்டைக் கொண்டு வந்து நன்கொடையாகக் கொடுப்பதும் நல்ல வழி. கொடுக்கும்போது நூல் நிலையப் பதிவில் சேர்க்கும்படி கேட்டுக் கொள்ள வேண்டும். இந்த நவம்பர் நூல் நிலைய வாரத்துக்கு முன்பாகவே போய் விண்ணப்பப் படிவம் வாங்கி வைப்பது உத்தமம். போகும் நாள் வெள்ளிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.