இராட்சதப் பூட்டும் சின்னப் பூட்டுகளும்

ஓர் அலுவலகத்தில் நான்கு எழுத்தர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பேரேடுகள் எல்லாம் ஒரே பீரோவில். பீரோவுக்கு ஒரே சாவி. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் எழுதுவார். மற்ற மூவரும் கைகட்டி நிற்பார்கள். எழுத்தர்களை எட்டுப் பேராக்கினாலும் வேலை விரைவாக முடியாது. பல செயலிகள் கொண்ட கணிப்பொறிகளிலும் இதே சங்கடம் நேர்ந்தது.

பூட்டுத்தான் எதற்கு? வந்து சேர்ந்த செய்திப் பொட்டலங்களின் எண்ணிக்கை 7 என்று நினைவகத்தில் பதிவாகியிருக்கிறது. இரண்டு செயலிகள் ஒரே கணத்தில் அதைப் படிக்கின்றன. தனித்தனியே 1 கூட்டி, இரண்டும் 8 என்று எழுதுகின்றன. சரியான விடை 9 அல்லவா? எண்ணிக்கை தவறுவதோடு போனால் பரவாயில்லை. இணைப்புகளின் பட்டியலில் இப்படி நேர்ந்தால் கணிப்பொறியே நிலைகுலைந்து நின்றுவிடும். ஆகவே ஒரு செயலி எழுதி முடிக்கும்வரை மற்றது நெருங்காமல் தடுக்க வேண்டும். அந்தத் தடுப்பே பூட்டு. இரும்புப் பூட்டு அன்று. அதுவும் நினைவகத்தில் உள்ள ஓர் எண்தான்.

பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸின் வழியில் வந்த ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தைப் பார்ப்போம். 1998-இல் வெளிவந்த அதன் 3.0 பதிப்பு பல செயலிகளில் ஓடியது. ஆனால் இயங்குதளத்தின் உட்கரு முழுவதற்கும் ஒரே பூட்டு! பின்னர் அதற்கு 'ஜயண்ட்', அதாவது இராட்சதன், என்றே பெயர் வழங்கியது. ஒரு செயலி வட்டிலிருந்து படிக்க உட்கருவுக்குள் நுழைந்தால், வலைப்பின்னலில் வந்த பொட்டலத்தைக் கவனிக்க வேண்டிய மற்றொரு செயலி வாசலிலேயே காத்திருக்கும்.

வலைப்பின்னல் காத்திருக்குமா? வினாடிக்கு 100 கோடி பிட்டுகள் செல்லும் ஈதர்நெட் கம்பியில், மிகச் சிறிய பொட்டலங்களானால் வினாடிக்குச் சுமார் 14 லட்சத்து 88 ஆயிரம் வரலாம். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மைக்ரோ வினாடியில் மூன்றில் இரண்டு பங்கு.

2000-இல் இராட்சதனை உடைக்கும் வேலை தொடங்கியது. இணைப்புகளின் பட்டியலுக்கு ஒரு பூட்டு, ஒவ்வோர் இணைப்புக்கும் தனிப்பூட்டு என்று பிரித்தார்கள். இரு வேறு இணைப்புகளின் விவரங்களை இரு செயலிகள் ஒரே நேரத்தில் மாற்ற இடம் கிடைத்தது. 2004 நவம்பரில் வந்த 5.3 பதிப்பில்தான் வலைப்பின்னல் பகுதி இயல்பாகவே இராட்சதன் இல்லாமல் ஓடியது. நான்கு ஆண்டுகளா என்று வியக்காதீர்கள், காரணம் உண்டு.

பூட்டுகள் பெருகினால் முட்டுக்கட்டையும் வரும். முதல் எழுத்தர் வரவுப் பேரேட்டைப் பூட்டிக்கொண்டு செலவுப் பேரேட்டுக்குக் காத்திருக்கிறார். இரண்டாமவர் செலவைப் பூட்டிக்கொண்டு வரவுக்குக் காத்திருக்கிறார். இருவரும் நிற்பார்கள், என்றென்றைக்கும்! இதற்குப் பரிகாரம், எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டுவது: முதலில் பட்டியல், பிறகு இணைப்பு. ஆயிரக்கணக்கான இடங்களில் இவ்வரிசை பிசகாதிருக்கிறதா என்று மனிதக் கண்ணால் பார்த்து முடியாது. 'விட்னெஸ்', அதாவது சாட்சி, என்றொரு கருவியை உட்கருவுக்குள்ளேயே வைத்தார்கள். பூட்டும் வரிசையைக் குறித்துக்கொண்டு, மாறினால் எச்சரிப்பது அதன் பணி. இம்முயற்சியில் மிகவும் புத்திசாலித்தனமான பகுதி இதுதான் என்பேன்.

வேறொரு செலவும் உண்டு. யாரும் போட்டியிடாத பூட்டைப் போட்டு எடுக்கவும் நேரம் பிடிக்கும். மிக நுண்ணியதாகப் பிரித்தால், ஒரே செயலி உள்ள கணிப்பொறி முன்பைவிட மெதுவாகவே ஓடும்.

இத்தனைக்குப் பிறகும் பட்டியலின் பூட்டு எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது. பொட்டலம் எந்த இணைப்புக்கு உரியது என்று தேட அதைத் தொட வேண்டும். 2018-இல் வந்த 12.0 பதிப்பில், வெறுமனே தேட வருகிறவர் அந்தப் பூட்டைத் தொடாமலே படிக்க வழி செய்தார்கள். மாற்றுகிறவர் மட்டும் பூட்டுகிறார். அவர் நீக்கிய இணைப்பின் விவரம் உடனே அழிக்கப்படுவதில்லை. அப்போது படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வெளியேறிய பிறகே அந்த இடம் காலியாக்கப்படுகிறது.