பயிற்சியாளரின் துணிச்சல் முடிவுகள்: வென்றால் பாராட்டு, தோற்றால் பழி - எதை வைத்து மதிப்பிடுவது?

திருவனந்தபுரம்: கால்பந்து ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் எடுக்கும் துணிச்சலான முடிவு வெற்றியைத் தந்தால், அது தொலைநோக்கு எனப் போற்றப்படுகிறது. தோல்வியில் முடிந்தால், அதே முடிவு பிடிவாதம் எனத் தூற்றப்படுகிறது. கேரள ரசிகர்களிடையே ஒவ்வொரு பருவத்திலும் எழும் விவாதம் இது. 2024-ஆம் ஆண்டு சூப்பர் லீக் கேரளா போட்டி தொடங்கப்பட்டு, தலைநகருக்கும் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் என்ற அணி கிடைத்த பிறகு, இந்த விவாதம் சந்திரசேகரன் நாயர் மைதானத்தின் பார்வையாளர் மாடங்களையும் எட்டியுள்ளது.

ஆனால், ஆட்டத்தின் முடிவை மட்டும் வைத்து ஒரு பயிற்சியாளரை எடைபோடுவது சரியா? கேரளத்துடன் தொடர்புடைய சில ஆட்டங்கள் இந்தக் கேள்விக்கு விடை தேட உதவுகின்றன.

காரியவட்டத்தில் கிடைத்த கோப்பை

தெற்காசிய கால்பந்து கூட்டமைப்பின் 2015-ஆம் ஆண்டுக்கான சாம்பியன்ஷிப் போட்டி, திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் நடைபெற்றது. அப்போது இந்திய அணியின் பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் கடும் நெருக்கடியில் இருந்தார். உலகக் கோப்பை தகுதிச் சுற்றில் இந்தியா தொடர்ந்து 5 ஆட்டங்களில் தோற்றிருந்தது. குவாம் என்ற சிறிய தீவு அணியிடம் அடைந்த தோல்வியும் அவற்றில் ஒன்று.

அந்தச் சூழலிலும் புதுமுகங்களைக் களமிறக்கும் தனது கொள்கையை அவர் கைவிடவில்லை. அப்போது 18 வயதே ஆன லாலியன்ஜுவாலா சாங்டே, நேபாளத்துக்கு எதிரான ஆட்டத்தில் 2 கோல்கள் அடித்தார். 2016 ஜனவரி 3-ஆம் தேதி நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் ஆப்கானிஸ்தான் வீரர் ஜுபைர் அமிரி 70-ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தார். இரண்டே நிமிடங்களில் ஜேஜே லால்பெக்லுவா பதில் கோல் அடிக்க, கூடுதல் நேரத்தின் 101-ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி வெற்றி கோலை அடித்தார். இந்தியா 2-1 என வென்று 7-ஆவது முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

அதே பாணி, வேறு முடிவு

கான்ஸ்டன்டைன் பொறுப்பேற்ற தொடக்கத்தில், 2015 மார்ச் மாதம் ஃபிஃபா தரவரிசையில் 173-ஆவது இடத்தில் இருந்த இந்தியா, 2017 ஜூலையில் 96-ஆவது இடத்துக்கு முன்னேறியது. 2019 ஆசிய கோப்பைக்கும் தகுதி பெற்றது. ஆனால், கேப்டன் பொறுப்பை ஒருவருக்கே நிரந்தரமாக அளிக்காமல் சுழற்சி முறையில் மாற்றுவது அவரது வழக்கம். 2018 அக்டோபரில் சீனாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்துக்கு சேத்ரியைத் தவிர்த்து சந்தேஷ் ஜிங்கன் கேப்டனாக நியமிக்கப்பட்டபோது அது பெரும் விவாதமானது.

ஆசிய கோப்பையின் முதல் ஆட்டத்தில் இந்தியா 4-1 என தாய்லாந்தை வீழ்த்தியதும் விமர்சனங்கள் அடங்கின. 2019 ஜனவரி 14-ஆம் தேதி, பஹ்ரைனுக்கு எதிரான கடைசி லீக் ஆட்டத்தை டிரா செய்தாலே அடுத்த சுற்று உறுதி என்ற நிலை இருந்தது. தொடக்க நிமிடங்களிலேயே கேரளத்தைச் சேர்ந்த தடுப்பாட்ட வீரர் அனஸ் எடத்தொடிகா காயத்தால் வெளியேறினார். இந்தியா பின்வாங்கித் தடுப்பாட்டத்தில் இறங்கியது. 90 நிமிடங்கள் வரை அந்த உத்தி பலித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், அன்று கேப்டனாக இருந்த பிரணய் ஹால்தர் பெனால்டி பகுதியில் செய்த தவறால் பஹ்ரைனுக்கு பெனால்டி கிடைத்தது. அதில் அடிக்கப்பட்ட ஒரே கோலால் இந்தியா வெளியேறியது. அன்றிரவே கான்ஸ்டன்டைன் பதவி விலகினார்.

இளம் வீரர்களை நம்புவதும், மூத்த வீரர்களுக்குத் தனி இடம் அளிக்க மறுப்பதும் காரியவட்டத்தில் துணிச்சலாகத் தெரிந்தன. மூன்றாண்டுகளுக்குப் பின் அவையே குறைகளாகப் பட்டியலிடப்பட்டன. மாறியது பயிற்சியாளரின் பாணி அல்ல, ஆட்டத்தின் முடிவுதான்.

மஞ்சேரியின் 30-ஆவது நிமிடம்

மாற்று வீரரைக் களமிறக்குவதே ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் கையில் உள்ள முதன்மையான கருவி. தற்போதைய விதிகளின்படி உயர்நிலைப் போட்டிகளில் 5 மாற்று வீரர்களைப் பயன்படுத்தலாம். ஆனால், இடைவேளை நேரத்தைத் தவிர்த்து, ஆட்டத்தை 3 முறை மட்டுமே நிறுத்தி இதைச் செய்ய முடியும். வெளியேற்றப்பட்ட வீரர் மீண்டும் களமிறங்க இயலாது. எனவே, முதல் பாதியிலேயே ஒருவரை மாற்றுவது துணிச்சலான செயலாகக் கருதப்படுகிறது.

மலப்புரம் மாவட்டம் மஞ்சேரியில் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி நடைபெற்ற சந்தோஷ் கோப்பை அரையிறுதியில், கர்நாடகம் முதலில் கோல் அடித்து முன்னிலை பெற்றது. கேரள பயிற்சியாளர் பினோ ஜார்ஜ் இடைவேளை வரை காத்திருக்காமல் 30-ஆவது நிமிடத்திலேயே ஜெசினைக் களமிறக்கினார். அடுத்த 15 நிமிடங்களுக்குள் ஹாட்ரிக் அடித்த ஜெசின், மொத்தம் 5 கோல்களைக் குவித்தார். கேரளம் 7-3 என வென்று, பின்னர் கோப்பையையும் கைப்பற்றியது. ஜெசின் ஒரு கோலும் அடிக்காமல் கேரளம் தோற்றிருந்தால், அந்த மாற்றம் பதற்றத்தின் வெளிப்பாடு என்றே விமர்சிக்கப்பட்டிருக்கும்.

உலக அரங்கிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 2014 உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்து பயிற்சியாளர் லூயி வான் கால், பெனால்டி ஷூட் அவுட்டுக்காகவே கோல்கீப்பரை மாற்றி டிம் க்ருலைக் களமிறக்கினார். க்ருல் 2 பெனால்டிகளைத் தடுக்க, வான் கால் மேதை எனப் புகழப்பட்டார். 2021-இல் நடைபெற்ற யூரோ இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து பயிற்சியாளர் கேரத் சவுத்கேட், இதே நோக்கத்துடன் கடைசி நிமிடத்தில் ராஷ்ஃபோர்டு, சான்ச்சோ ஆகியோரைக் களமிறக்கினார். இருவருமே பெனால்டியைத் தவறவிட்டனர். உதைப்பவர்களைத் தேர்வு செய்தது தானே என்றும், பொறுப்பும் தன்னுடையதே என்றும் சவுத்கேட் வெளிப்படையாக அறிவித்தார்.

களத்தை விட்டு வெளியேறிய அணி

இவை அனைத்திலிருந்தும் வேறுபட்டது, 2023 மார்ச் 3-ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நிகழ்ந்த சம்பவம். ஐஎஸ்எல் பிளே-ஆஃப் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்பு அரண் அமைக்கும் முன்பே பெங்களூரு வீரர் சேத்ரி ஃப்ரீ கிக்கை விரைந்து உதைத்து கோல் அடித்தார். நடுவர் கோலை அங்கீகரித்தார். இதை ஏற்காத பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச், தனது வீரர்களைக் களத்திலிருந்து வெளியேற அழைத்தார். காத்திருப்புக்குப் பின் பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது.

ஃப்ரீ கிக்கை விரைந்து உதைக்க விதிகள் அனுமதிக்கின்றன. எனினும், விசில் ஊதும் வரை காத்திருக்குமாறு நடுவர் அறிவுறுத்தியிருந்தால் அவ்வாறு உதைக்க முடியாது. தங்களது வீரர்கள் அரண் அமைக்க நடுவர் அவகாசம் அளித்திருந்தார் என்பது பிளாஸ்டர்ஸ் தரப்பின் வாதம். விரைந்து உதைக்கப்போவதை நடுவரிடம் முன்பே தெரிவித்துவிட்டதாக சேத்ரி கூறினார். ஆட்டத்தை மீண்டும் நடத்தக் கோரிய பிளாஸ்டர்ஸின் முறையீடு நிராகரிக்கப்பட்டது.

அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, பிளாஸ்டர்ஸ் அணிக்கு ரூ.4 கோடி அபராதம் விதித்தது. வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டங்கள் தடையும், ரூ.5 லட்சம் அபராதமும் விதிக்கப்பட்டன. இருதரப்பும் பகிரங்கமாக மன்னிப்பு கோரின. அத்துடன் பாதிப்பு நின்றுவிடவில்லை. தொடங்கி ஓராண்டுகூட நிறைவடையாத தனது மகளிர் அணியைத் தற்காலிகமாக நிறுத்துவதாக 2023 ஜூனில் பிளாஸ்டர்ஸ் அறிவித்தது. நிதி சார்ந்த தண்டனையே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஆடவர் அணி களத்தில் எடுத்த முடிவுக்கு, அந்தக் களத்தில் இல்லாத வீராங்கனைகள் விலை கொடுக்க நேர்ந்தது.

ஆயினும் ரசிகர்கள் பயிற்சியாளரைக் கைவிடவில்லை. தடை முடிந்து 2023 அக்டோபர் 27-ஆம் தேதி கொச்சியில் அவர் திரும்பியபோது உற்சாக வரவேற்பு அளிக்கப்பட்டது. அநீதி எனத் தாங்கள் கருதியதை எதிர்த்து நின்ற தலைவராகவே அவர்கள் அவரைப் பார்த்தனர். 2024 ஏப்ரலில் அவர் அணியை விட்டு விலகினார்.

மூன்று கேள்விகள்

ஒரு பயிற்சியாளரின் முடிவை மதிப்பிட, ஸ்கோரை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்கலாம். முடிவெடுத்த தருணத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது என்ன? அதற்கான முன்னேற்பாடு இருந்ததா? முடிவு பலிக்காவிட்டால் மீள்வதற்கு வழி இருந்ததா?

பினோ ஜார்ஜ் செய்த மாற்றம் பலிக்காமல் போயிருந்தாலும், ஆட்டத்தைத் திருப்ப ஒரு மணி நேரம் எஞ்சியிருந்தது. பஹ்ரைனுக்கு எதிராகத் தடுப்பாட்டம் ஆடியது ரசிக்கத்தக்கதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால், டிரா போதும் என்ற நிலையில் அது காரணமற்ற முடிவு அல்ல. அந்தத் தோல்வியை மட்டும் வைத்து கான்ஸ்டன்டைனின் நான்காண்டுப் பணியை நிராகரிப்பதும், காரியவட்டம் கோப்பையை மட்டும் வைத்து அவரைக் கொண்டாடுவதும் ஒரே வகையான தவறுதான்.

வுகோமனோவிச்சின் முடிவு இந்தச் சோதனையில் தேறவில்லை. கோல் 96-ஆவது நிமிடத்தில் விழுந்தது. ஒரு கோலைச் சமன் செய்ய 20 நிமிடங்களுக்கு மேல் அவகாசம் இருந்தது. வெளியேறினால் என்ன நேரும் என்பதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 2012 டிசம்பரில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான ஐ-லீக் ஆட்டத்தில் இடைவேளைக்குப் பின் களமிறங்க மறுத்த மோகன் பகான் அணி முதலில் தடைக்கு உள்ளாகி, பின்னர் ரூ.2 கோடி அபராதம் செலுத்த நேரிட்டது. நடுவரின் முடிவு தவறாகவே இருந்திருந்தாலும், அதை எதிர்கொள்ள பிளாஸ்டர்ஸ் தேர்ந்தெடுத்த வழி, வெல்வதற்கான எல்லா வழிகளையும் அடைத்துவிட்டது.

வீரர்கள் தோற்கக்கூடும் என்று தெரிந்தும், அவர்களைக் களத்தில் நிறுத்தி வைப்பதற்கும் துணிச்சல் தேவைப்படுகிறது. அன்று கண்டீரவாவில் பிளாஸ்டர்ஸ் வீரர்களுக்கு மறுக்கப்பட்டது அந்த 20 நிமிடங்கள்தான்.